எச்சில் கச்சேரி

மேஜைமேல் கிடந்த செல்போன் அடித்தது. எதிரே உட்கார்ந்திருந்த பெண் அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். அடித்து ஓய்ந்தது. உடனே மறுபடி அடித்தது.

"எடுங்க" என்றேன். "கல்யாண புரோக்கரா இருந்தா எங்கிட்ட குடுங்க. நாப்பத்தொண்ணு ஆகுது, இன்னும் ஒருத்தனும் எனக்குப் போன் பண்ணல."

அவள் சிரிக்கவில்லை. போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். ஹலோ சொல்லவில்லை. அந்தப் பக்கமும் ஹலோ இல்லை. ஒரு பெண்குரல் மட்டும் வந்தது. இனிமையான குரல், ஆனால் அழுது களைத்து, தூக்கத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"தங்கச்சி... நீ அன்னிக்குச் சொன்னது சரிதான். நான் இருக்கிறவரைக்கும் யாருக்கும் நிம்மதி இல்ல. நான் போறேன். நீ நிம்மதியா இரு."

அவ்வளவுதான். வைத்துவிட்டார்கள்.

"யாரும்மா பேசினது?" என்றாள் சித்தி.

"எங்க அக்கா."

"திரும்பக் கூப்பிட்டு என்னன்னு கேளு."

"அக்கா செத்து ஒரு மாசமாகுது. போன் பண்ணினது எங்கம்மா. தினமும் பண்றாங்க. இதைப் போட்டுக் காட்டிட்டு வெச்சுடுவாங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை பேசறதில்ல."

சித்தியைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் அம்மாவின் கூடப்பிறந்த தங்கை. முழங்கால் வலி, முன்கோபம், ஒரு துப்பறியும் ஆபீஸ், இவைதான் அவள் சொத்து. அந்த ஆபீஸில் வேலை பார்க்கிற ஒரே ஆள் நான். அப்பா அம்மா வைத்த பெயர் எனக்கு ஒன்று உண்டு. சித்தி வைத்தது வாயாடி. நிலைத்தது அதுதான்.

வந்திருந்த பெண் கண்ணாடிக்கடையில் வேலை பார்க்கிறாள். அவள் அக்கா கதை வாசிப்பவள். அதாவது புத்தகங்களை வாய்விட்டுப் படித்துப் பதிவு செய்வாள். சமைத்துக்கொண்டும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டும் ஜனங்கள் கேட்பார்கள். பதிவு செய்வதும், அதை வெட்டி ஒட்டிச் சரிசெய்வதும் அக்காவின் புருஷன். வீட்டின் கீழ்த்தளம்தான் ஸ்டூடியோ. ஒரு சாயங்காலம் அந்தக் கண்ணாடி அறையில், மைக்குக்கு முன்னால், மேஜையில் தலையைச் சாய்த்தபடி அக்கா கிடந்தாள். குடித்த தண்ணீரில் அவளுடைய தூக்க மாத்திரைகள் அத்தனையும். கம்ப்யூட்டரில் இந்தப் பேச்சு.

"அன்னிக்குச் சொன்னதுன்னு சொல்றாளே. என்ன சொன்னே?" என்றாள் சித்தி.

"'நீ இந்த வீட்ல இருக்கிறவரைக்கும் யாருக்கும் நிம்மதி இல்லக்கா, கிளம்பி எங்கிட்ட வந்துடு'ன்னு சொன்னேன். அத்தான் முன்னாடியே சொன்னேன். இதுல பாதிதான் அக்கா பேச்சுல இருக்கு. மீதிப் பாதியை அம்மா நம்பமாட்டேங்கிறாங்க." அவள் முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். "எங்கக்கா என்னாலதான் போனாளா சித்தி? எனக்கு அது ஒண்ணு தெரிஞ்சாப் போதும். ஆமான்னா ஆமான்னு சொல்லிடுங்க. தாங்கிக்கறேன்."

வந்து பத்து நிமிஷத்தில் அவளும் சித்தி என்றுதான் கூப்பிட்டாள். எல்லாரும் அப்படித்தான்.

"அக்கா ஏன் அந்த வீட்டை விட்டு வரணும்? அடிப்பானா?"

"அடிச்சதே இல்ல." அவள் கொஞ்சம் தயங்கினாள். "அக்கா பேசறப்போ வாய்ல சத்தம் வரும். உதடு பிரியறப்போ நச்சுன்னு, நாக்கு ஒட்டறப்போ டிக்குன்னு. எல்லாருக்கும் வர்றதுதான். பக்கத்துல உக்காந்தாக்கூட நமக்குக் கேக்காது. மைக்குக்குக் கேட்டுடும். அதை ஒண்ணொண்ணா வெட்டி எடுக்கறதுதான் அத்தான் வேலையே. அவர் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டார். எச்சில்காரின்னுதான் கூப்பிடுவார்."

"கொஞ்சலா?"

"முதல்ல நாங்களும் அப்படித்தான் நினைச்சோம். அவங்க கல்யாண நாளுக்கு எல்லாரையும் கூப்பிட்டு விருந்து வெச்சார். சாப்பிட்டு முடிச்சதும், வருஷக்கணக்கா வெட்டின அந்தச் சத்தத்தையெல்லாம் கோத்து, தாளம் மாதிரி பண்ணி, பெரிய ஸ்பீக்கர்ல போட்டார். எச்சில் கச்சேரின்னு பேர். எல்லாரும் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க. அம்மாவும் சிரிச்சாங்க. அக்காவும்தான் சிரிச்சா. அப்புறம் நான் சமையல்கட்டுக்குப் போனா, அவ துண்டை வெச்சு வாயைத் துடைச்சுக்கிட்டே இருக்கா. உதடு உரிஞ்சு ரத்தம் வருது, அப்பவும் துடைக்கிறா."

எனக்கு அந்த ஆளைப் பார்க்காமலே பிடிக்காமல் போய்விட்டது. துப்பறிகிறவனுக்கு இது கெட்ட பழக்கம் என்று சித்தி சொல்வாள்.

"அக்கா உனக்கு சும்மா அனுப்பின பேச்சு ஏதாவது போன்ல இருக்கா?"

இருந்தது. "ஏய், சாப்டியா? உனக்கென்னடி, கடையில ஏசி..." என்று அக்கா வம்பளந்தாள். உற்றுக் கேட்டேன். இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை ஒரு சின்ன நச்.

"இப்ப அந்தக் கடைசிப் பேச்சைப் போடு." போட்டாள். "வாயாடி, என்ன கேக்குது?"

"ஒண்ணும் கேக்கலயே சித்தி."

"அதைத்தாண்டா சொல்றேன். அழறவளுக்கு வாய் காஞ்சு போகும். ஒட்டி ஒட்டிப் பிரியும். இதுல ஒரு நச் இல்ல. மூக்கு உறிஞ்சற சத்தம்கூட இல்ல. எவனோ கழுவித் துடைச்சு வெச்சிருக்கான்."

"பொணத்தைக் குளிப்பாட்டற மாதிரி" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். தங்கச்சி கேட்காததுபோல் இருந்தாள்.

அவளிடம் ஒரு போட்டோவும் இருந்தது. அன்றைக்கு அக்காவைப் பார்க்க அங்கே போனதும், ஏன் என்று தெரியாமலே எடுத்ததாம். மைக். காலித் தண்ணீர்க் கூஜா. ஒரு தட்டில் பச்சை ஆப்பிள் துண்டுகள் பழுப்பேறிக் கிடந்தன. துண்டுக்கு ஒரு கடிதான். அதன் ஓரத்தில் இரண்டு கல் தோடு.

"அம்மா இதைத்தான் சொல்லிச் சொல்லி அழறாங்க. 'போறதுன்னு முடிவு பண்ணித் தோட்டைக்கூடக் கழட்டி வெச்சுட்டுப் போயிட்டாளே'ன்னு. போலீஸும் அதையேதான் சொன்னாங்க. மத்த நகையை ஆஸ்பத்திரியில கழட்டி எங்கிட்ட குடுத்தாங்க. சங்கிலி, வளையல் எல்லாம்."

"ஆப்பிள் எதுக்கு?"

"புளிப்பு ஆப்பிள் கடிச்சா வாய்ல பிசுபிசுப்பு போயிடும். சத்தம் குறையும். ஒவ்வொரு தடவை படிக்கிறதுக்கு முன்னாடியும் ஒரு கடி, ஒரு வாய் தண்ணி. முழுசாத் தின்னமாட்டா. ஏப்பம் வந்துடும்."

சித்தி போட்டோவைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"சாகப்போறவளுக்கு வாய்ச் சத்தத்தைப் பத்தி என்னம்மா கவலை?" என்றாள். "அதுவும் இத்தனை கடி. ஒரே பேச்சை இத்தனை தடவையா பேசினா? வாயாடி, வண்டியை எடு."

★

தூரத்துச் சித்தி, துக்கம் கேட்க வந்திருக்கிறாள், கூட வந்திருப்பது அக்கா பையன். அக்கா வீட்டில் எங்களை அப்படித்தான் தங்கச்சி அறிமுகப்படுத்தினாள். அதில் தூரம் ஒன்றுதான் பொய். அக்காவின் துணிமணிகளை எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லி அவள் மாடிக்குப் போய்விட்டாள். சித்தி, "பொண்ணு உக்காந்து படிச்ச இடத்தை ஒரு தடவை பாத்துட்டுப் போயிடறேன் தம்பி" என்றாள். அக்காவின் புருஷன், அதாவது எடிட்டர், மறுக்கவில்லை.

ஒல்லியான மனிதர். சுத்தமான கை, சுத்தமான நகம், காதருகே ரகசியம் சொல்வதுபோல ஒரு குரல். ஸ்டூடியோ இரண்டு அறை. இந்தப் பக்கம் கம்ப்யூட்டர், ஸ்பீக்கர், சக்கரம் வைத்த நாற்காலி. நடுவில் கனத்த கண்ணாடி. அந்தப் பக்கம் சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய சின்ன அறை. அதில் மேஜை, மைக், மைக்குக்கு முன்னால் வளையத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய துணி. ஆணியில் ஹெட்போன், ஒயர் அழகாகச் சுருட்டி மாட்டியிருந்தது. ஒரு தூசு கிடையாது. எனக்கு அங்கே மூச்சு விடவே பயமாக இருந்தது.

காபி கொடுத்தார். ஒரு உறிஞ்சு உறிஞ்சினேன். அவர் முகம் சுருங்கியது, யாரோ கிள்ளியதுபோல.

"மன்னிச்சுக்குங்க சார். சூடு."

"பரவால்ல. எனக்குக் கொஞ்சம் காது அதிகம்."

சித்தி சுற்றி வளைக்கிற ஜாதி இல்லை. "கடைசியா அவ பேசினதைக் கேட்டேன் தம்பி. ரொம்பச் சுத்தமா இருந்துச்சு. நீங்கதான் சுத்தம் பண்ணினீங்களா?"

மாட்டிக்கொண்டான் என்று நினைத்தேன். அவர் அசையவே இல்லை.

"ஆமா. நான்தான் பண்ணினேன். போலீஸ் கேக்கும், சொந்தக்காரங்க கேப்பாங்க. வாழ்நாள் முழுக்க அவ வெக்கப்பட்ட சத்தம் அது. அதோட அவளை எப்படிங்க வெளிய அனுப்புவேன்? சுத்தம் பண்ணிட்டு, பழசை அழிச்சுட்டேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அது ஒண்ணுதான் என்னால அவளுக்குச் செய்ய முடிஞ்சது."

போச்சு. காலையிலிருந்து பிடித்துக்கொண்டு வந்த ஒரே நூல் கையிலேயே அறுந்தது. நான் சித்தியைப் பார்த்தேன். சித்தி காபியைப் பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணும் புரியல தம்பி. வாய்ச் சத்தத்தை எப்படி எடுப்பீங்க? துணியில கறை எடுக்கற மாதிரியா?"

தொழிலைப் பற்றிக் கேட்டதும் மனுஷனுக்கு முகமே மாறிவிட்டது. என்னை மைக் முன்னால் உட்காரவைத்து, வாய்க்கு வந்ததைப் பேசச் சொன்னார். அதைத்தான் நான் நன்றாகச் செய்வேன். திரும்பி வந்து பார்த்தால் திரையில் என் குரல் மேடு பள்ளமாக ஓடுகிறது, நடுநடுவே முள் முள்ளாக என்னென்னவோ.

"இந்த முள்ளு ஒவ்வொண்ணும் உங்க வாய்ச் சத்தம்" என்றார். "தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வாய் ஒரு சேத்துக்குட்டை."

"எங்க சித்தி இதையேதான் சார் சொல்லுவாங்க. ஆனா மிஷின் இல்லாமலே கண்டுபிடிச்சுட்டாங்க."

"முதல்ல வரவிடாமப் பாக்கணும். மைக்கை வாய்க்கு நேரா வைக்கக்கூடாது, கொஞ்சம் சாய்ச்சு, கொஞ்சம் தள்ளி வைக்கணும். தண்ணி குடிச்சுக்கிட்டே இருக்கணும். ஆப்பிள் கடிக்கணும். அதுக்கும் மிஞ்சி வர்றதை வெட்டணும்." விரல்கள் ஓடின. ஒவ்வொரு முள்ளாகக் காணாமல் போனது. மறுபடி போட்டார். என் குரல் மழையில் நனைந்த இலை மாதிரி இருந்தது. எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

"வெட்டினதெல்லாம் எங்க போகும்?" என்றாள் சித்தி.

"தூக்கிப் போடமாட்டோம். சில சமயம் பேச்சும் சேர்ந்து வெட்டுப்பட்டுடும், திரும்ப எடுத்து ஒட்டணும். வெட்டறது எல்லாமே தானா கம்ப்யூட்டர்லயே ஒரு பெட்டியில தேதிவாரியாப் போய்ச் சேர்ந்துக்கிற மாதிரி ரொம்ப வருஷத்துக்கு முன்னாடியே பண்ணி வெச்சுட்டேன். நான் அதைத் திரும்பிக்கூடப் பாக்கறதில்ல."

"கச்சேரிக்குச் சத்தம் எடுத்தது அதுல இருந்துதானா?"

"அதைச் சொல்லிட்டாங்களா?" லேசாகச் சிரித்தார். "விளையாட்டுக்குப் பண்ணினது. அவளே ரசிச்சுச் சிரிச்சா."

என் கை துறுதுறுத்தது. காபிக் கோப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வேண்டுமென்றே இன்னொரு உறிஞ்சு உறிஞ்சினேன்.

"ஒண்ணே ஒண்ணுதான் தம்பி இடிக்குது" என்றாள் சித்தி. "சாகப்போறவ எதுக்கு ஆப்பிளைக் கடிச்சா? அதுவும் அத்தனை தடவை?"

"அவ தொழில்காரி." குரல் இன்னும் தணிந்தது. "கடைசிப் பேச்சுலயும் சத்தம் வரக்கூடாதுன்னு நினைச்சிருப்பா. நல்லா வர்றவரைக்கும் திரும்பத் திரும்பச் சொல்லிப் பாத்திருப்பா. தனியா உக்காந்து... நான் வேற வெளிய போயிருந்தேன். இருந்திருந்தா..."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் நம்பிவிட்டேன். மாடியில் அழுதுகொண்டே துணி மடிக்கிறவளிடம் போய், ஆமாம்மா, உங்கக்கா உன்னை நினைச்சுக்கிட்டுத்தான் போயிருக்கா என்று எந்த வாயால் சொல்வது என்று யோசிக்க ஆரம்பித்தேன். என் சேத்துக்குட்டை வாயால்தான்.

சித்தி எழுந்தாள். "அவ உக்காந்த இடத்துல ஒரு நிமிஷம் உக்காந்துட்டு வரேன்."

கண்ணாடி அறைக்குள் போய் உட்கார்ந்தாள். கனத்த கதவு மூடிக்கொண்டது. உள்ளே இருந்து வாயை அசைத்தாள். எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. நான் பதில் கத்தினேன். அவளுக்கும் கேட்கவில்லை. எடிட்டர் ஆணியில் இருந்த ஹெட்போனைக் காட்டி, மாட்டிக்கொள்ளும்படி ஜாடை செய்தார்.

சித்தி மாட்டினாள். உடனே முகத்தைச் சுளித்தாள். அவளுடைய தோடு பெரிய கல், காதில் அழுந்தியிருக்க வேண்டும். ஹெட்போனைக் கழுத்தில் இறக்கிவிட்டு, இரண்டு தோட்டையும் கழட்டினாள். எங்கே வைப்பது என்று சுற்றுமுற்றும் பார்த்தாள். மேஜையில் ஒரு காலித் தட்டு இருந்தது. அதில் வைத்தாள்.

வைத்த கை வைத்தபடியே இருந்தது. அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு தோட்டை உள்ளங்கையில் அள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். முழங்கால் வலிக்காரி அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை.

"அந்த மாட்டிக்கிற சமாசாரம் எதுக்குத் தம்பி? எப்பவும் மாட்டிக்கணுமா?"

"இல்லல்ல. இங்க இருந்து நான் சொல்றது அங்க கேக்கறதுக்குத்தான். 'அந்த வரியை மறுபடி படி', 'தண்ணி குடி', அப்படி. தனியாப் பேசறவங்க யாரும் மாட்டமாட்டாங்க. அது இன்னொரு தலைவலி. அதுல இருந்து கசியற சத்தத்தையும் மைக் இழுத்துக்கும். அதையும் உக்காந்து வெட்டணும்."

"அவ அன்னிக்குத் தனியாத்தானே பேசினா?"

"ஆமா."

சித்தி உள்ளங்கையை விரித்தாள்.

"அப்ப அவ எதுக்குத் தோட்டைக் கழட்டினா?"

அறையில் நிஜமாகவே சத்தம் இல்லை. இவ்வளவு செலவழித்துப் பஞ்சு ஒட்டியது அந்த நேரத்துக்குத்தான் என்று தோன்றியது.

"சாகப்போறவங்க... நகையைக் கழட்டி வைப்பாங்க."

"சங்கிலியைக் கழட்டலையே. வளையலைக் கழட்டலையே. காதை மட்டும் கழட்டியிருக்கா. காதுல எதையோ மாட்டறதுக்கு. நீங்க அப்புறம் அதைக் கழட்டி, ஒயரைச் சுத்தி ஆணியில அழகா மாட்டிட்டீங்க. சுத்தமான கையாச்சே. தோட்டைத் திரும்ப மாட்டிவிடத் தோணல. அது உங்க சாமான் இல்லையே." சித்தியின் குரல் ஏறவே இல்லை. "அவ காதுக்குள்ள நீங்க பேசியிருக்கீங்க. பேசினது கசிஞ்சிருக்கும். கசிஞ்சதை வெட்டியிருப்பீங்க. வெட்டினது தானாப் போய்ப் பெட்டியில சேரும்னு இப்பத்தான் பெருமையாச் சொன்னீங்க."

அவன் கை கீபோர்டுக்குப் பாய்ந்தது. இதற்குமேல் அந்த ஆளுக்கு அவர் கிவர் எல்லாம் கிடையாது. நான் நாற்காலியின் முதுகைப் பிடித்து ஒரே இழு இழுத்தேன். சக்கர நாற்காலி வாழ்க. சர்ரென்று உருண்டு சுவரில் போய் மோதியது. அவன் எழுந்திருப்பதற்குள் அவன் மடியில் உட்கார்ந்துவிட்டேன். என் எடை தொண்ணூற்றாறு கிலோ. இதுவரை தராசைத் தவிர யாரும் அதை மதித்ததில்லை.

சித்தி கம்ப்யூட்டரில் அந்தப் பெட்டியைத் திறந்து, அக்கா செத்த தேதியில் சேர்ந்ததைப் போட்டாள்.

டிக். நச். டிக். ஒரு மூக்கு உறிஞ்சல். நச்.

பிறகு, எறும்பு பேசினால் இருக்கும் அளவில் ஒரு ஆண்குரல்: "சத்தம் வருது. ஆப்பிள் கடி. தண்ணி குடி. மறுபடி."

நச். டிக்.

"வருது. தண்ணி குடி. மறுபடி."

ஒரு தடவை படித்ததற்கும் அடுத்த தடவைக்கும் நடுவில் வெட்டிய அக்காவின் பேச்சும் அதில் இருந்தது. "தண்ணி ஏன் கசக்குது?" என்றாள்.

"ஆப்பிள் கடிச்ச வாய்க்கு அப்படித்தான் இருக்கும். மறுபடி. நல்லா அழுது படி."

"இது தங்கச்சி அன்னிக்குச் சொன்ன மாதிரியே இருக்கே?"

"நாடகம்தானே. எழுதினவன் எங்கேயோ கேட்டிருப்பான். தண்ணி குடி."

"சீக்கிரம் முடிங்க. துணியெல்லாம் எடுத்து வைக்கணும். அவ வந்துடுவா."

"முடியப் போகுது. முழுசாக் குடி. மறுபடி."

வாசலில் ஏதோ விழுந்தது. திரும்பினேன். அக்காவின் புடவைகளை மூட்டையாகக் கட்டி எடுத்துக்கொண்டு தங்கச்சி நின்றிருந்தாள். மூட்டை தரையில் கிடந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

சித்தி நிறுத்தப் போனாள். "இருக்கட்டும் சித்தி" என்றாள் தங்கச்சி.

கடைசித் துண்டு. அக்காவின் நாக்கு குழறியது.

"இப்ப... சத்தம் வரலையே?"

"வரல. ரொம்பச் சுத்தமா இருக்கு. கண்ணை மூடிக்க."

"அப்பாடா" என்றாள் அக்கா. சந்தோஷமாகத்தான் சொன்னாள்.

எனக்குக் கீழே அவன் நெளிவதை நிறுத்தியிருந்தான். சித்தி இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டாள். ஏன்டா என்று யாரும் அவனைக் கேட்கவில்லை. அவனாகத்தான் பேசினான், அதே ரகசியக் குரலில்.

"எத்தனை வருஷமா நான் சுத்தம் பண்ணின வாய் தெரியுமா? நான் இல்லேன்னா அவ குரலை எவன் கேட்டிருப்பான்? விட்டுட்டுப் போறாளாம். போய் வேற எவன் கிட்டயோ படிப்பாளாம்."

"என் பேரை எதுக்கு அத்தான் இழுத்தீங்க?" என்றாள் தங்கச்சி. அப்போதும் அத்தான் என்றுதான் வந்தது அவளுக்கு. "சும்மா போறேன்னு மட்டும் படிக்க வெச்சிருக்கலாமே?"

"நீதானே கூப்பிட்டே" என்றான் அவன்.

நான் இன்னும் கொஞ்சம் அழுத்தி உட்கார்ந்தேன்.

★

மறுநாள் காலையில் தங்கச்சி எங்கள் ஆபீசுக்கு வந்தாள். அம்மாவுக்கு நானே சொல்லிக்கொள்கிறேன் என்று இன்ஸ்பெக்டரிடம் கேட்டிருந்தாள். அவரும் சரி என்றிருந்தார். வெட்டி எடுத்ததன் நகல் எங்கள் கம்ப்யூட்டரில் இருந்தது.

"எல்லாரோட குப்பையையும் சேத்து வெச்சவனுக்கு, தன் குரலும் அதுலதான் போய் விழும்னு தோணல பாரு" என்றாள் சித்தி. யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. நான் டீ வாங்கிவந்து வைத்தேன். தங்கச்சி தொடவில்லை.

"உனக்குத் தெரிஞ்சுக்க வேண்டியது தெரிஞ்சுதா?" என்றாள் சித்தி.

"தெரிஞ்சுது. எங்கிட்ட வர்றதுக்குத்தான் அவசரப்பட்டிருக்கா. சீக்கிரம் முடியட்டும்னு மொத்தத் தண்ணியையும் குடிச்சிருக்கா."

சித்தி டீயை அவள் பக்கம் நகர்த்தினாள்.

செல்போன் அடித்தது. அவள் எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். வழக்கம்போல் ஹலோ இல்லை. "தங்கச்சி... நீ அன்னிக்குச் சொன்னது சரிதான்..." அவள் கண்ணை மூடாமல் முழுக்கக் கேட்டாள். "...நீ நிம்மதியா இரு."

"அம்மா, வெச்சுடாதீங்க" என்றாள்.

போனைக் கம்ப்யூட்டர் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். எனக்கு மனமில்லை. அந்த அம்மாள் வயசானவள், தனியாக இருக்கிறாளோ என்னவோ, நேரில் போய்ப் பக்குவமாகச் சொல்லலாமே என்று சொல்ல வாயெடுத்தேன். வாழ்க்கையில் முதல்தடவையாக வார்த்தை வரவில்லை. போட்டேன்.

டிக். நச். தண்ணி குடி. மறுபடி. எல்லாம் ஓடியது. "அப்பாடா" வரைக்கும் ஓடியது.

அந்தப் பக்கம் நெடுநேரம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, ஒரு மாதத்தில் முதல்தடவையாக, அம்மா பேசினாள்.

"அந்த ஆம்பளைக் குரல்... யாருடி அது?"

"உங்க மாப்பிள்ளை."

மறுபடியும் மூச்சு. உலர்ந்த உதடு பிரிகிற ஒரு நச். மகளுக்கு அந்த வாய் யாரிடமிருந்து வந்தது என்று எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"எனக்குச் சரியாக் கேக்கல" என்றாள் அம்மா. "மறுபடி போடு."

"வேணாம்மா" என்றாள் தங்கச்சி. "அக்கா நிறைய தடவை சொல்லிட்டா."

வைத்துவிட்டாள்.

போன் உடனே அடித்தது. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எடு என்று சித்தி சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.